வாட்சின் பின்மூடியில் இருக்கும் எண்களைப் படிப்பது எப்படி?

ஒரு கைக்கடிகாரத்தைக் கழற்றித் திருப்பினால் பின்மூடியில் நாலைந்து வரி பொடியெழுத்து இருக்கும். எண், எழுத்து, நடுவில் ஒரு கோடு, சின்னக் கட்டம், மறுபடி எண். "என்ன மாடல்?" என்று யாராவது கேட்டால் அதில் பெரிதாகத் தெரியும் எண்ணைத்தான் பலரும் வாசிக்கிறார்கள். இணையத்தில் அதைத் தட்டினால் வேறு ஏதோ வாட்ச் வருகிறது, அல்லது ஒன்றுமே வருவதில்லை. தேடியவர் மீது தவறில்லை. ஒரு வாட்சில் ஒன்றுக்கு மேற்பட்ட அடையாள எண்கள் உண்டு, ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறது என்பதை யாரும் முதலிலேயே சொல்லித் தருவதில்லை.

அந்தக் கேள்விகள் நான்கு. நிறுவனத்தின் பட்டியலில் இந்த வாட்சுக்கு என்ன பெயர்? இதற்குப் பதில் மாடல் எண். ரெஃபரன்ஸ் என்றும் சொல்வார்கள். உள்ளே ஓடுவது எந்த மெஷின்? அது காலிபர் எண். டிஜிட்டல் வாட்சானால் மாட்யூல் எண். அந்த மெஷினைச் சுற்றியிருக்கும் கூடு எது? அது கேஸ் எண். ஒரே மாதிரி ஆயிரக்கணக்கில் செய்யப்பட்ட வாட்சுகளில் இந்த ஒன்று எது? அது சீரியல் நம்பர். மோட்டார் வண்டியில் மாடல் பெயர், என்ஜின் வகை, பாடி, சேஸிஸ் எண் என்று தனித்தனியாக இருப்பதைப் போலத்தான். வண்டியின் சேஸிஸ் எண்ணைக் கொண்டு நிறம் என்னவென்று தேடினால் எப்படிக் கிடைக்காதோ, வாட்சின் சீரியல் நம்பரைத் தட்டினாலும் மாடல் கிடைக்காது.

தொல்லை எங்கே என்றால், இந்த நான்கையும் எல்லா நிறுவனங்களும் ஒரே இடத்தில், ஒரே வடிவத்தில் பொறிப்பதில்லை. சிலர் மாடல் எண்ணைப் பின்மூடியில் போடுவதே இல்லை. சிலர் காலிபரையும் கேஸையும் ஒரே வரியில் ஒட்டிவிடுகிறார்கள். அதனால் முதலில் பிராண்டைப் பார்க்க வேண்டும், பிறகு எண்ணைப் பார்க்க வேண்டும்.

ஒரு சிறு குறிப்பு: குறியீடுகளில் வரும் ரோமன் எழுத்துகளை இங்கே ஒலிப்படித் தமிழில் எழுதியிருக்கிறேன். தேடும்போது வாட்சில் இருக்கிறபடியே ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

முதலில் ஒதுக்க வேண்டியவை

பின்மூடியில் இருக்கும் எல்லாமே அடையாள எண் இல்லை. "ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்" என்றால் பின்மூடி மட்டும் எவர்சில்வர் என்று பொருள். "பேஸ் மெட்டல்" என்று கூடவே இருந்தால் மற்ற உடம்பு வேறு மலிவான உலோகம், மேலே முலாம். 316எல் என்பது எஃகின் தரம். 750 என்பது 18 காரட் தங்கத்துக்கான முத்திரை, 925 வெள்ளிக்கான முத்திரை. "வாட்டர் ரெசிஸ்ட் 10 பார்" என்பது எவ்வளவு அழுத்தத்துக்குச் சோதிக்கப்பட்டது என்பதன் அளவு. இவற்றையெல்லாம் மாடல் எண் என்று நினைத்துத் தேடுபவர்கள் நிறையப் பேர்.

டயலின் அடியில், 6 மணிக்குக் கீழே, கண்ணாடி விளிம்பை ஒட்டி இருக்கும் எழுத்துகளும் அப்படித்தான். "ஜப்பான் மூவ்ட்" என்றால் மெஷின் மட்டும் ஜப்பானிய நிறுவனத்துடையது. வாட்ச் முழுவதும் அங்கே செய்யப்பட்டது என்று அது சொல்லவில்லை. பழைய சுவிஸ் வாட்சுகளில் "டி சுவிஸ் மேட் டி" என்றோ, "டி" எழுத்தோடு 25-ஐவிடக் குறைவு என்றோ இருந்தால், இருட்டில் ஒளிரும் பூச்சில் டிரிட்டியம் இருக்கிறது, அதன் கதிர்வீச்சு 25 மில்லிகியூரிக்கு உட்பட்டது என்று பொருள். மாடலைப் பற்றி அது எதுவும் சொல்லாது. ஆனால் வாட்ச் எந்தக் காலத்தது என்று ஊகிக்க நல்ல துப்பு.

ஸ்ட்ராப், செயின், பக்கிள் ஆகியவற்றில் இருக்கும் எண்கள் அந்தந்தப் பாகத்துக்கு உரியவை. செய்கோ ரப்பர் ஸ்ட்ராப்பில் இசட்-22 என்றிருந்தால் அது 22 மில்லிமீட்டர் அகல ஸ்ட்ராப். பழைய ரோலெக்ஸ் சப்மரைனர் செயினின் பக்கிளில் 93150 என்று இருக்கும். அது செயினின் எண். ஸ்ட்ராப் எந்த நாளும் மாற்றப்படக்கூடியது என்பதால், அதில் இருக்கும் எண்ணை வைத்து வாட்சை அடையாளம் காண்பது சரிவராது.

செய்கோ: கோட்டுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

கற்றுக்கொள்ளத் தொடங்குபவர்களுக்கு செய்கோவைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது. அதன் முறை பல பத்தாண்டுகளாகப் பெரிதாக மாறவில்லை. புரிந்துகொண்டால் அறுபதுகளின் வாட்சையும் இன்றைய வாட்சையும் ஒரே கண்ணால் படிக்கலாம்.

பின்மூடியில் நடுவில் ஒரு கோட்டோடு எட்டு இலக்கங்கள் இருக்கும். உதாரணம்: 7எஸ்26-0020. கோட்டுக்கு முன்னால் இருக்கும் நான்கும் காலிபர், பின்னால் இருக்கும் நான்கும் கேஸ். ஆக, இது 7எஸ்26 என்ற ஆட்டோமேட்டிக் மெஷின், 0020 என்ற கூட்டில் உட்கார்ந்திருக்கிறது. வாட்ச் பிரியர்கள் கொண்டாடும், நீருக்கடியில் கட்டக்கூடிய எஸ்கேஎக்ஸ்007 டைவர் வாட்சின் பின்மூடி இப்படித்தான் இருக்கும். ஆனால் எஸ்கேஎக்ஸ்007 என்ற பெயர் அந்தப் பின்மூடியில் எங்கேயும் இருக்காது. அது பெட்டியிலும், புதிதாக வாங்கும்போது தொங்கும் அட்டையிலும், உத்தரவாத அட்டையிலும் மட்டும் வரும் விற்பனைப் பெயர்.

இதனால் ஒரு விளைவு உண்டு. கருப்பு டயல் உள்ள எஸ்கேஎக்ஸ்007, நீல டயலும் கண்ணாடியைச் சுற்றி நீலம்-சிவப்பு வளையமும் உள்ள எஸ்கேஎக்ஸ்009 இரண்டின் பின்மூடியிலும் 7எஸ்26-0020 என்றுதான் இருக்கும். கூடும் மெஷினும் ஒன்று. நிறம் மட்டுமே வேறு. 2019-இல் வந்த புதிய செய்கோ 5 ஸ்போர்ட்ஸ் வரிசையிலும் இதே கதை. எஸ்ஆர்பிடி51 நீலம், எஸ்ஆர்பிடி55 கருப்பு, எஸ்ஆர்பிடி61 பச்சை. திருப்பினால் மூன்றிலும் 4ஆர்36-07ஜி0. ஆகவே செய்கோவில் பின்மூடி எண்ணைத் தேடும்போது நாலைந்து நிறங்களில் படங்கள் வந்தால் குழம்ப வேண்டாம். சரியான குடும்பத்தைப் பிடித்துவிட்டீர்கள். உங்கள் டயலின் நிறத்தை அந்தப் படங்களோடு ஒப்பிட்டால் மாடல் எண் கிடைத்துவிடும்.

காலிபர் எண் தெரிந்தால் வாட்சின் குணம் தெரியும். இதை நான் அழுத்திச் சொல்வேன், ஏனென்றால் நல்ல வாட்ச் கெட்டுவிட்டதாக எண்ணி ரிப்பேருக்குக் கொடுப்பது இந்த இடத்தில்தான் நடக்கிறது. 7எஸ்26 மெஷினில் நேரம் திருத்துவதற்காகப் பக்கவாட்டில் இருக்கும் திருகை (கிரவுன்) வெளியே இழுத்தாலும் நொடிமுள் நிற்காது, ஓடிக்கொண்டே இருக்கும். திருகைச் சுற்றி அதற்குச் சாவி கொடுக்கவும் முடியாது. கையில் கட்டி அசைந்தால்தான் சுருள் ஏறும். இரண்டும் கோளாறு இல்லை, அந்த மெஷினின் அமைப்பே அதுதான். அதற்குப் பின்னால் வந்த 4ஆர்36-இல் நொடிமுள் நிற்கும், திருகால் சாவியும் கொடுக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் நாளும் கிழமையும் காட்டும் ஆட்டோமேட்டிக் வாட்சுகள்தான். பின்மூடியின் முதல் நான்கு இலக்கங்கள் சொல்லிவிடுகின்றன எது எப்படி நடந்துகொள்ளும் என்று.

இதே மெஷின்கள் வேறு பிராண்டுகளுக்கும் போகின்றன. என்ஹெச்35, என்ஹெச்36 என்று பல சிறிய பிராண்டுகளின் விவரப் பட்டியலில் பார்ப்பீர்கள். அவை 4ஆர்35, 4ஆர்36 ஆகியவற்றின் வெளிவிற்பனை வடிவம். இதைத் தெரிந்துகொண்டால், பெயர் தெரியாத ஒரு பிராண்டு வாட்சின் உள்ளே என்ன இருக்கிறது, அதை யாரால் பழுது பார்க்க முடியும் என்பது புலப்படும்.

அடுத்தது சீரியல் நம்பர். எழுபதுகளிலிருந்து பெரும்பாலான செய்கோ வாட்சுகளில் இது ஆறு இலக்கம். முதல் இலக்கம் செய்த ஆண்டின் கடைசி இலக்கம். இரண்டாவது மாதம்: 1 முதல் 9 வரை ஜனவரி முதல் செப்டம்பர், 0 அக்டோபர், நவம்பருக்கும் டிசம்பருக்கும் அவற்றின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்து. மற்ற நான்கும் அந்த மாதத்தின் வரிசை எண். 720451 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 7-இல் முடியும் ஆண்டு, பிப்ரவரி மாதம். எந்தப் பத்தாண்டு? சீரியல் அதைச் சொல்லாது. இங்கேதான் காலிபர் கைகொடுக்கிறது. வாட்ச் எஸ்கேஎக்ஸ்007 என்றால் அது 1996-இல் வந்து சுமார் 2019 வரை விற்றது. ஆக 1997, 2007, 2017 மூன்றில் ஒன்று. மெஷினின் மேல் 7எஸ்26-க்குப் பின்னால் ஏ, பி, சி என்று ஓர் எழுத்து இருக்கும். ஏ முதலில் வந்தது, சி கடைசியில் வந்தது. மூடியைத் திறக்கும் சந்தர்ப்பம் வரும்போது அதைக் கொண்டு இன்னும் குறுக்கலாம்.

அதே 7-இல் தொடங்கும் சீரியல் 6139 காலிபர் உள்ள குரோனோகிராஃபில், அதாவது ஸ்டாப்வாட்சும் சேர்ந்த வாட்சில், இருந்தால் குழப்பமே இல்லை. 6139 வந்தது 1969-இல், நின்றது எழுபதுகளின் முடிவில். எனவே 1977 மட்டுமே. 1973-இல் ஸ்கைலேப் விண்வெளி நிலையத்துக்குப் போன வில்லியம் போக் கட்டியிருந்தது 6139-6005. அதனால் மஞ்சள் டயல் 6139 வாட்சுகளையே அவர் பெயரால் அழைக்கிறார்கள். பழைய வாட்ச் பிரியர்கள் இப்படிப்பட்ட ஒரு வாட்சைப் பார்த்தவுடன் திருப்பிப் பார்ப்பது எண்ணுக்காகத்தான். சீரியல் 9-இல் தொடங்கினால் 1969-ஆ 1979-ஆ என்று கேள்வி வரும். பின்மூடியில் "வாட்டர் ப்ரூஃப்" என்று இருந்தால் முந்தையது. ஏறக்குறைய 1970-க்குப் பிறகு அந்தச் சொல்லை விட்டுவிட்டு "வாட்டர் ரெசிஸ்ட்" என்று போடத் தொடங்கிவிட்டார்கள்.

செய்கோ மாடல் எண்ணின் வாலில் இருக்கும் எழுத்தையும் சொல்லிவிடுகிறேன். எஸ்கேஎக்ஸ்007கே, எஸ்கேஎக்ஸ்007ஜே என்று இரண்டு உண்டு. 'ஜே' வகையின் டயலில் "மேட் இன் ஜப்பான்" என்று அச்சாகியிருக்கும். மெஷின் இரண்டிலும் அதே 7எஸ்26. அதற்கும் பின்னால் வரும் 1, 2 போன்ற இலக்கம் எந்த ஸ்ட்ராப் அல்லது செயினோடு விற்றார்கள் என்பதைக் காட்டுகிறது: கே1 ரப்பர் ஸ்ட்ராப், கே2 உலோகச் செயின். அதோடு, ஜப்பானுக்குள் விற்கும் வாட்சுக்கும் வெளிநாட்டில் விற்கும் வாட்சுக்கும் செய்கோ தனித்தனிப் பெயர் வைப்பதுண்டு. வெளிநாட்டில் எஸ்பிபி143 என்று விற்பது ஜப்பானில் எஸ்பிடிசி101. இரண்டையும் வேறு வேறு வாட்ச் என்று எண்ணி விலையை ஒப்பிடுபவர்கள் இருக்கிறார்கள்.

காஸியோ: கட்டத்துக்குள் இருக்கும் எண்

காஸியோ எளிமையானது, ஏனென்றால் மாடல் பெயரையே பின்மூடியில் போட்டுவிடுகிறார்கள். எஃப்-91டபிள்யூ என்று பட்டவர்த்தனமாக இருக்கும். அதன் பக்கத்தில் ஒரு செவ்வகக் கட்டத்துக்குள் 593 என்று தெரிவதுதான் மாட்யூல் எண்.

கையேடு வேண்டுமென்றால் கட்டத்துக்குள் இருக்கும் எண்ணைக் கொண்டுதான் தேட வேண்டும். காரணம் எளிது. பட்டன்கள் எப்படி வேலை செய்யும், அலாரம் எப்படி வைப்பது என்பதெல்லாம் மாட்யூலைப் பொறுத்தது. 1989-இல் வந்த எஃப்-91டபிள்யூ பிளாஸ்டிக் வாட்சிலும், உலோகச் செயின் போட்ட ஏ158டபிள்யூ வாட்சிலும் அதே 593 மாட்யூல்தான். ஒன்றின் கையேடு மற்றதற்கும் பொருந்தும். இன்னொரு பக்கம், பெயர் மாறாமலேயே உள்ளே மாறுவதும் உண்டு. காஸியோவின் அடிதாங்கும் வரிசையான ஜி-ஷாக்கில் டிடபிள்யூ-5600இ பல காலம் 1545 மாட்யூலோடு வந்தது, பிறகு அதே பெயரில் 3229 மாட்யூலோடு வந்தது. மாடல் பெயரை மட்டும் நம்பினால் பழைய வாட்சுக்குப் புதிய கையேட்டை எடுத்துவைத்துக்கொண்டு திண்டாட நேரும்.

பெயரில் இருக்கும் எழுத்துகளும் ஓரளவு பேசும். எஃப்-91டபிள்யூவில் கடைசி எழுத்து நீர்த்தடுப்பைக் குறிக்கிறது. ஜி-ஷாக்கில் ஜிடபிள்யூ என்று தொடங்கினால் ரேடியோ அலை மூலம் தானே நேரத்தைத் திருத்திக்கொள்ளும் வகை. ஜிஏ என்றால் முள்ளும் எண்ணும் சேர்ந்தது. டிடபிள்யூ என்பது 1983-இல் வந்த முதல் ஜி-ஷாக்கான டிடபிள்யூ-5000சி காலத்திலிருந்து தொடரும் டிஜிட்டல் வரிசை.

மாடலுக்குப் பின்னால் கோடு போட்டு வரும் இலக்கம் நிறம். 1 கருப்பு, 2 நீலம், 3 பச்சை, 4 சிவப்பு அல்லது இளஞ்சிவப்பு, 5 பழுப்பு, 7 வெள்ளை, 8 சாம்பல், 9 மஞ்சள் அல்லது தங்க நிறம். தங்க நிற ஏ168டபிள்யூஜி-9 இதற்கு நல்ல உதாரணம். எல்லா மாடலிலும் நூற்றுக்கு நூறு பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், பெரும்பாலும் பொருந்தும். அதற்கும் பிறகு இஆர், ஜேஎஃப் என்று இரண்டு எழுத்து வந்தால் அது சந்தையின் பெயர்: முன்னது ஐரோப்பா, பின்னது ஜப்பான். வாட்ச் அதேதான். இந்த வால் எழுத்துகள் பின்மூடியில் இருக்காது, பெட்டியின் ஸ்டிக்கரில் இருக்கும்.

சுவிஸ் வாட்சுகள்: எண்ணே ஒரு விவரப் பட்டியல்

இங்கே முறை அடியோடு வேறு. செய்கோவில் மாடல் எண் வெறும் பெயர். அதைப் பிரித்துப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. ஒமேகாவின் இன்றைய எண்ணிலோ ஒவ்வொரு துண்டுக்கும் பொருள் உண்டு. ஸ்பீட்மாஸ்டர் மூன்வாட்சின் எண்ணை எடுத்துக்கொள்வோம்: 310.30.42.50.01.001.

முதல் மூன்று இலக்கம், 310, எந்த வரிசை என்று சொல்கிறது. அடுத்த 30-இல் முதல் இலக்கம் கூட்டின் உலோகம், இரண்டாவது செயின் அல்லது ஸ்ட்ராப். 30 என்றால் எஃகுக் கூடு, எஃகுச் செயின். அதுவே 32 ஆனால் எஃகுக் கூட்டோடு தோல் அல்லாத ஸ்ட்ராப்: துணியோ ரப்பரோ. மூன்றாவதாக வரும் 42 கூட்டின் விட்டம், மில்லிமீட்டரில். 50 மெஷினின் வகை. இங்கே கையால் சாவி கொடுக்கும் குரோனோமீட்டர் (துல்லியத்துக்குச் சான்று பெற்ற) குரோனோகிராஃப். 01 டயலின் நிறம், அதாவது கருப்பு. 001 என்பது இத்தனையும் ஒத்துப்போகும் வாட்சுகளுக்குள் வரிசை எண். 001 வாட்சில் பிளாஸ்டிக் வகையான ஹெசலைட் கண்ணாடி, 002 வாட்சில் சஃபையர் கண்ணாடி. அந்தக் கடைசி ஓர் இலக்கத்தில் விலையும் மாறுகிறது, உறுதியும் மாறுகிறது.

இதைப் படிக்கத் தெரிந்துவிட்டால் பார்க்காத ஒமேகாவையும் ஓரளவு சொல்லிவிடலாம். 210.30.42.20.03.001 என்ற எண்ணைக் கொடுத்தால், வரிசை தெரியாவிட்டாலும், எஃகுக் கூடு, எஃகுச் செயின், 42 மில்லிமீட்டர், டயல் எண் 03 என்பது புரிகிறது. 03 நீலம். அது சீமாஸ்டர் டைவர் 300எம்-இன் நீல டயல்.

டிஸ்ஸோவும் இதே போக்கில்தான். டி137.407.11.041.00 என்பது பிஆர்எக்ஸ். 407 ஆட்டோமேட்டிக், அதுவே 410 ஆனால் பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ். 11 எஃகுக் கூடும் எஃகுச் செயினும். 041 நீல டயல். 051 கருப்பு, 031 வெள்ளி, 091 பச்சை. வாங்குபவர்களுக்கு இது உண்மையிலேயே பயன்படும் செய்தி. படத்தில் ஆட்டோமேட்டிக்கும் குவார்ட்ஸும் கிட்டத்தட்ட ஒன்றுபோல் இருக்கும், விலையில் பெரிய வித்தியாசம். விளம்பரத்தின் தலைப்பில் என்ன எழுதியிருந்தாலும், நடுவில் இருக்கும் மூன்று இலக்கங்களைப் பாருங்கள்.

ரோலெக்ஸில் இலக்கங்களின் எண்ணிக்கையே காலத்தைச் சொல்லும். தேதி காட்டும் சப்மரைனர் 1680 என்று நான்கு இலக்கத்தில் தொடங்கி, 16800, 16610 என்று ஐந்தாகி, 2010-இல் 116610 என்று ஆறாகி, 2020-இல் 126610 ஆனது. கடைசி இலக்கம் உலோகம்: 126610 எஃகு, 126613 எஃகும் மஞ்சள் தங்கமும், 126618 முழு மஞ்சள் தங்கம், 126619 வெள்ளைத் தங்கம். எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகள் கண்ணாடியைச் சுற்றிய வெளி வளையத்தின் நிறம், பிரெஞ்சுப் பெயர்களின் சுருக்கம்: எல்என் கருப்பு, எல்வி பச்சை, எல்பி நீலம், பிஎல்ஆர்ஓ நீலமும் சிவப்பும்.

இந்த எண்ணைப் பின்மூடியில் தேடினால் கிடைக்காது. ரோலெக்ஸின் பின்மூடி பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். செயினைக் கழற்றினால், 12 மணிப் பக்கத்தில், செயின் மாட்டும் இரண்டு கொம்புகளுக்கு நடுவே ரெஃபரன்ஸ் எண், 6 மணிப் பக்கத்தில் சீரியல். 2000-களின் நடுவிலிருந்து சீரியலைக் கண்ணாடிக்கு உள்ளே டயலைச் சுற்றிய வளையத்தில் பொறிக்கத் தொடங்கி, சில ஆண்டுகளில் அங்கே மட்டும் வைத்துவிட்டார்கள். 2010-இலிருந்து சீரியல்கள் ஒழுங்கில்லாத கலவையாக வருவதால், அதை வைத்து ஆண்டு சொல்ல முடியாது. உத்தரவாத அட்டையின் தேதிதான் ஆதாரம்.

பழைய சுவிஸ் வாட்சுகளில் ரெஃபரன்ஸ் பின்மூடியின் உட்பக்கத்தில் இருப்பது வழக்கம். அப்போலோ 11-இல் போன ஸ்பீட்மாஸ்டர்களில் ஒன்றின் எண் 105.012, உள்ளே 321 காலிபர். 1968-இல் வந்த 145.022-இல் 861 காலிபர். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே வாட்ச். சேகரிப்பவர்கள் கொடுக்கும் விலையோ வெகுதூரம் விலகியிருக்கிறது. உள்ளே பொறித்த எண்ணைப் பார்க்காமல் அந்த வகை வாட்சை வாங்கவே கூடாது என்பது என் கருத்து.

சிட்டிசன், டைமெக்ஸ்

சிட்டிசனின் மாடல் எண்ணில் கவனிக்க வேண்டியது கடைசி எழுத்து. அது டயலின் நிறம்: இ கருப்பு, எல் நீலம், ஏ வெள்ளை. பிஎன்0150-28இ கருப்பு டைவர் வாட்ச், பிஎன்0151-09எல் நீலம். இரண்டின் பின்மூடியிலும் இ168 என்று தொடங்கும் எண் இருக்கும், அது காலிபர். பழைய சிட்டிசன் சீரியலில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்த இரண்டும் மாதம்.

பழைய டைமெக்ஸ் வைத்திருப்பவர்கள் பின்மூடியை விட்டுவிட்டு டயலின் அடிவிளிம்பைப் பார்க்க வேண்டும். 1960-களிலிருந்து 1980-கள் வரை வந்தவற்றில் பொடியாக எண்கள் அச்சாகியிருக்கும். கடைசி நான்கு இலக்கம் 2473 என்றால், 24 மெஷினின் எண், 73 ஆண்டு. செய்கோவைப் போலப் பத்தாண்டைத் தேடி அலைய வேண்டியதில்லை. இவ்வளவு நேரடியான முறை வேறெந்தப் பெரிய பிராண்டிலும் இல்லை என்றே சொல்வேன்.

எண்ணைக் கண்ணால் பிடிப்பது

பின்மூடியில் வியர்வையும் அழுக்கும் படிந்து எழுத்து மறைந்திருந்தால், மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துத் துணியால் துடைத்தாலே பாதி தெரிந்துவிடும். ஊசியோ பிளேடோ வைத்துச் சுரண்ட வேண்டாம். பொறிப்பு போய்விட்டால் வாட்சின் அடையாளமே போய்விடும். வெளிச்சத்தை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துக் காட்டி, போன் கேமராவால் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். தேய்ந்த பொறிப்பில் 0-வும் ஓ-வும், 8-ம் பி-யும், 5-ம் எஸ்-ம் ஒன்றுபோல் தெரியும். 7எஸ்26 என்ற காலிபரை 7526 என்று படித்துத் தேடுவது அடிக்கடி நடப்பதுதான்.

எண்ணுக்காக மட்டும் பின்மூடியைத் திறக்காதீர்கள். திறந்தால் ரப்பர் வளையம் பழையபடி உட்காராமல் போகலாம், நீர்த்தடுப்பு போய்விடும். பேட்டரி மாற்றவோ சர்வீஸுக்கோ கொடுக்கும்போது, திறந்த நிலையில் ஒரு படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். மெஷின் மேல் இருக்கும் காலிபர் எண்ணும் மூடியின் உட்பக்கமும் அந்தப் படத்தில் பதிந்துவிடும்.

பழைய வாட்ச் வாங்கும்போது எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவதுதான் முக்கிய வேலை. செய்கோவில் பின்மூடியில் ஓர் எண், டயலின் அடியில் ஓர் எண். இரண்டிலும் முதல் நான்கு இலக்கம் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பின்பாதி வேறாக இருக்கலாம், ஏனென்றால் டயலுக்கென்று தனி எண் உண்டு. மூடியில் ஒரு காலிபர், டயலில் இன்னொரு காலிபர் என்றால், இரண்டு மூன்று வாட்சுகளின் பாகங்களைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்க வேண்டும். எண்கள் முரண்பட்டால் சிக்கல் இருக்கிறது என்று தெரியும். எண்கள் ஒத்துப்போனால் மட்டும் அசல் என்று ஆகிவிடாது, ஏனென்றால் போலி செய்பவர்களும் அசலின் எண்ணைத்தான் பொறிக்கிறார்கள். ஒரே சீரியல் பல போலிகளில் திரும்பத் திரும்ப வருவதுண்டு.

சீரியல் நம்பரை மட்டும் வெளியிடாமல் காத்துக்கொள்ளுங்கள். மாடல், காலிபர், கேஸ் எண்களை யாரிடமும் சொல்லலாம், அவை எல்லோருக்கும் பொது. சீரியல் உங்கள் வாட்சுக்கு மட்டும் உரியது. களவு போனால் புகாரில் எழுதுவதும் அதைத்தான். விற்பனைக்கான படத்தில் கடைசி இலக்கங்களை மறைத்துவிடுவது நல்லது.

எந்தப் பாகத்துக்கு எந்த எண்

உதிரிபாகம் தேடும்போதுதான் இத்தனை எண்களின் அருமை தெரிகிறது. கண்ணாடி, ரப்பர் வளையம், பின்மூடி ஆகியவை கூட்டைச் சேர்ந்தவை. கேஸ் எண் வேண்டும். முள் மெஷினின் அச்சில் உட்காருவது. காலிபர் எண் வேண்டும். டயல் மெஷினில் பொருந்தவும் வேண்டும், கூட்டுக்குள் அடங்கவும் வேண்டும். எனவே இரண்டும் தேவை. திருகும் இரண்டையும் சார்ந்தது. ஸ்ட்ராப்புக்கு எந்த எண்ணும் வேண்டாம், கொம்புகளுக்கு நடுவில் இருக்கும் அகலத்தை மில்லிமீட்டரில் அளந்தால் போதும்.

பேட்டரிக்குக் காலிபர் அல்லது மாட்யூல் எண். அதன் விவரத்தில் எந்த பேட்டரி என்று இருக்கும், அந்த பேட்டரியின் பெயரும் ஒரு குறியீடுதான். சிஆர் என்று தொடங்கினால் லித்தியம், எஸ்ஆர் என்றால் சில்வர் ஆக்சைடு, எல்ஆர் என்றால் ஆல்கலைன். எஃப்-91டபிள்யூவுக்குப் போடும் சிஆர்2016-இல் 20 என்பது விட்டம் 20 மில்லிமீட்டர், 16 என்பது தடிமன் 1.6 மில்லிமீட்டர். சிஆர்2025-ம் அதே விட்டம்தான், ஆனால் தடிமன் 2.5 மில்லிமீட்டர். வட்டம் சரியாக இருக்கிறதே என்று அதை வைத்து அழுத்தினால், கூடுதலாக இருக்கும் அந்த 0.9 மில்லிமீட்டர் மாட்யூலைத்தான் நெருக்கும், பின்மூடியும் சரியாக மூடாது.